ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: மலைநாட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஹட்டன்: அண்ணே, என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர் 1000. மழை பெய்த மறுநாள் காலையில் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. பத்து மணி வெயில் பட்டதும் தானாகச் சரியாகிவிடுகிறது. காபரேட்டரைக் கழற்றட்டுமா?

பதில்: பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைத் தொடாதீர்கள் தம்பி. வெயில் பட்டுச் சரியாகிறது என்றால் அநேகமாக ஈரம்தான் காரணம். பனிமூட்டம் இறங்கும் ஊர்களில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் நீர் கோர்த்துக்கொள்ளும். கொயிலில் (உயர் வோல்ட் தரும் கம்பிச்சுருள்) இருந்து வரும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே எர்த்துக்கு, அதாவது எஞ்சின் உலோகத்துக்கு, ஓடிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு பொனெட்டைத் திறங்கள். வயர்கள்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பொறி கசியும் இடம் நீலமாகக் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் இருந்து இன்னொன்றுக்கு, பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு இருக்கிறதா? பொறி ஓடி ஓடிக் கருகிய பாதை அது. துடைத்தால் ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான். மூடியை மாற்றத்தான் வேண்டும். கையோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ட்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும் பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் வைத்துவிடுங்கள்.

பண்டாரவளை: சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது இழுத்து இழுத்துச் சுற்றும். புது பெட்டரி போட்டேன், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினேன். பலனில்லை.

பதில்: இதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது, செலவழித்த பணத்துக்கு ஒரு சின்னச் சோதனை முந்தியிருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. காரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் மின்தொடர்பு தருவது ஒரு எர்த் பட்டைதான். அது துருப்பிடித்தாலோ, யாராவது கழற்றிவிட்டு மாட்ட மறந்தாலோ, மின்சாரம் வேறு வழி தேடும். சுற்றும்போது சோக் (குளிரில் பெற்றோல் கலவையைக் கூட்டும் அமைப்பு) கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடேறினால் குற்றவாளி அகப்பட்டான்.

மீட்டர் இருந்தால் ஒரு முனையை எஞ்சின் பிளொக்கிலும் மற்றதைப் பெட்டரியின் எர்த் முனையிலும் வைத்துக்கொண்டு சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதை கெட்டுவிட்டது. சுரண்டி, புதுப் பட்டை போடுங்கள். புதுப் பெட்டரி மாட்டியிருப்பதால் இன்னொன்று: உங்களுடையதும் மைனர் என்றால், பல மைனர்களில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் எர்த். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா: கொழும்பில் அருமையாக ஓடிய ஒஸ்டின் இங்கே வந்ததும் பிளக் கருத்து, ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது. ஆக்சிலரேட்டரைப் பல தடவை மிதித்தும் பார்த்தேன்.

பதில்: உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையைவிடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே அளவு பெற்றோல் இங்கே அதிகம். எஸ்யூ (SU) வகைக் காபரேட்டர் என்றால், பெற்றோல் அளவைச் சரிசெய்ய அடியில் உள்ள ஜெட் நட்டை மேல்நோக்கி ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்பி ஓட்டிப் பாருங்கள். றம்பொடை இறங்கிக் கம்பளைப் பக்கமே தங்கப் போகிறீர்கள் என்றால் திரும்பவும் பழைய இடத்துக்கு வைக்க வேண்டும். எஸ்யூவில், மிதிக்கும்போது பெற்றோலைப் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் இல்லாததால் மிதிப்பதில் பயனில்லை. குளிருக்கு சோக் போதும். பெற்றோல் மிஞ்சிவிட்டால் சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி சுற்றுங்கள்.

கினிகத்தேனை: ஏற்றம் ஏறிவந்து தேநீருக்கு நிறுத்தினால் அரை மணி நேரம் பிடிக்காது. மைனர்தான்.

பதில்: பிடிக்காத அந்த நிமிடத்திலேயே பாருங்கள், ஆறியபின் ஒன்றும் தெரியாது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சினில் படவைத்துச் சுற்றுங்கள். பொறி மஞ்சளாக, சோர்வாக இருந்தால், பொயின்ட்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் அல்லது கொயில் கெட்டிருக்கலாம். நீலமாகப் பாய்ந்தால் பெற்றோல் பக்கம் வாருங்கள். சாவி போட்டதும் பெற்றோல் பம்ப் சில தடவை தட்டிவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால், சூட்டில் பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். ஈரத்துணியைப் பம்பின்மேலும் குழாயின்மேலும் போட்டுப் பாருங்கள், உடனே பிடித்தால் விடை கிடைத்துவிட்டது.

தலவாக்கலை: பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது எஞ்சினுக்குக் கெடுதலா?

பதில்: அவ்வப்போது என்றால் கெடுதல் இல்லை. இரண்டாவது கியர், கிளச்சை மெதுவாக விடுங்கள். கீழே வளைவும் ஆட்களும் இல்லாத இடமாக இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.