புல்லட்டுக்கு மின் மோட்டார் பொருத்தலாமா?

கேள்வி: என் தந்தையார் 1971-இல் வாங்கிய புல்லட் 350, எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. எஞ்சின் ஜாம் ஆகி, கிக்கர் இறங்கவே இல்லை. எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டார் வைத்தால், மதுரையில் உள்ள எங்கள் கடைக்குத் தினமும் போய்வரலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் வண்டியில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

50 ஆண்டுகளைக் கடந்து, எஞ்சின், சேஸ் (அடிச்சட்டம்), உடற்பகுதி ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அசல் நிலையில் இருக்கும் வாகனத்தை, 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் புல்லட் அந்த வயதைத் தாண்டிவிட்டது. எஞ்சினைக் கழற்றிய நாளில் அந்தத் தகுதி போய்விடும். அவ்வாறு பதிவு செய்த வண்டியில் தினமும் கடைக்குப் போக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் எடுக்கலாம்.

அடுத்தது வண்டியின் அமைப்பு. குனிந்து எஞ்சினுக்கு அடியில் பாருங்கள்: முன்னால் இறங்கி வரும் குழாய் எஞ்சினோடு முடிந்துவிடும், அடியில் குழாய் ஏதும் ஓடாது. கீழ்ப்புறத்தில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடிப்பதே எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். ஆகவே அவற்றை எடுத்தால், அதே போல்ட் துளைகளில் பொருந்தும் கனமான இரும்புத் தகடுகளால் அந்த இணைப்பை மீண்டும் உருவாக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மோட்டாரைத் தொங்கவிடுவது உயிருக்கே ஆபத்து. சக்கரத்திலேயே ஹப் மோட்டார் வைக்கலாம் என்றால், பின்சக்கரத்தின் பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பாக இருப்பதால், பிரேக்கையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

பேட்டரி பெரிய தடையல்ல. 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 24-ஐத் தொடராக இணைத்த 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் மூன்று யூனிட் (3,000 வாட்-மணி) மின்சாரம் நிற்கும். கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி செலவானாலும், போகவர 40 கிலோமீட்டருக்குத் தாராளமாகப் போதும். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுவது நல்லது.

ஆனால் ஜாம் ஆன எஞ்சின் செத்த எஞ்சின் அல்ல. நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறையில் ரீபோர் செய்து (உட்புறத்தைச் சற்றே அகலமாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இந்த எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. தினசரிப் பயணத்துக்கு மகனுக்கு வேறு மின்வண்டி வாங்கிக் கொடுங்கள். அப்பாவின் புல்லட் அதே சத்தத்தோடு திண்ணையை விட்டு இறங்கட்டும்.

கேள்வி: என்னிடம் எஞ்சின் இல்லாத ஆர்.எக்ஸ்.100 ஒன்று இருக்கிறது. அதையாவது மின்வண்டியாக மாற்றலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: மாற்றலாம், இழக்க அதில் எஞ்சின் இல்லை. ஆனால் ஆர்.சி. நடப்பில் இருக்க வேண்டும், சேஸ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் இன்றி இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் உங்கள் மாடலுக்கென அங்கீகாரம் பெற்ற ‘கிட்’தானா (மோட்டார், பேட்டரி முதலியவை அடங்கிய மாற்றுத் தொகுப்பு) என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். ஆர்.சி.யில் எரிபொருள் விவரம் மாறி, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எண் எழுதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.