தலசீமியா பிள்ளைக்கு இரும்பை அகற்ற ஊசியா, குளிசையா?

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலை. பீட்டா தலசீமியா மேஜர் (தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை இரத்தசோகை) உள்ள 9 வயது மகள், நிறை 25 கிலோ. மாதாமாதம் ஒரு பை இரத்தம் ஏறுகிறது, பெரிற்றின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்த அளவு) 2,400. இரவில் டெஸ்பெரால் பம்ப் (இரும்பை அகற்றும் ஊசிமருந்தைத் தோலுக்கடியில் மெல்லச் செலுத்தும் கருவி) போட விடாமல் அழுகிறாள். குளிசைக்கு மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் வைத்தியரிடம் கேட்குமுன் வீட்டில் ஒரு கணக்குப் பாருங்கள்: போன மாதம் எத்தனை இரவு பம்ப் உண்மையில் முழு நேரமும் ஓடியது? கிளினிக் கொப்பியில் கிழமைக்கு 5 இரவு என்றிருக்கும், வீட்டில் 2 இரவுதான் போட்டிருப்பீர்கள். அதைச் சொல்லாவிட்டால் "மருந்து போதவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். டெஸ்பெரால் தேவைக்கு மேல் போனால் காது, கண், எலும்பு வளர்ச்சி மூன்றும் அடிபடும்.

ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மி.கி இரும்பு உண்டு. அதை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 7, 8 மி.கி. உடல் தானாக வெளியேற்றுவதோ 1 மி.கி அளவில்தான். ஆகவே எந்த மருந்து என்பதைவிட எத்தனை நாள் உள்ளே போகிறது என்பதே பெரிய விஷயம்.

ஊசியில் அவளுக்கு 40 மி.கி/கிலோ என்றால் 1,000 மி.கி, அதாவது 500 மி.கி குப்பி 2. ஒவ்வொன்றையும் 5 மி.லீ ஊசித் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் கரைசல் தடித்து, போட்ட இடத்தில் கட்டி விழும். பாதி அழுகை அதனால்தான். இடத்தை ஒவ்வொரு இரவும் மாற்றுங்கள். இந்த மருந்து இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும், அதனால்தான் 8 முதல் 12 மணி நேரம் மெல்ல ஓட வேண்டும். வேகமாக ஓட்டி முடிப்பது மருந்தை வீணாக்குவது. நம்மூர் வெயிலில் குப்பிகளை அலுமாரியில் போட்டு வைக்காதீர்கள், 25 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சலோடு வயிற்றுவலி, வயிற்றோட்டம் வந்தால் பம்பை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. இந்த மருந்தில் செழிக்கும் யெர்சினியா என்ற கிருமி ஒன்று உண்டு.

குளிசை என்றால் பெரும்பாலும் டெபெராசிரொக்ஸ். இதில் இரண்டு வகை. பலர் பிழைவிடும் இடம் இதுதான். தண்ணீரில் கரைக்கும் வகையில் 30 மி.கி/கிலோ என்றால் அவளுக்கு 750 மி.கி. அதே பலனுக்கு விழுங்கும் வகையில் ஏறக்குறைய 540 மி.கி போதும். வகை மாறியது தெரியாமல் பழைய 750 மி.கி கணக்கிலேயே கொடுத்தால் உச்ச அளவைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். கரைக்கும் வகையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரிலோ தோடம்பழச் சாற்றிலோ கரைத்துக் கொடுங்கள். பாலும் சோடாவும் கூடாது. கோப்பையில் ஒட்டியதையும் கொஞ்சத் தண்ணீரில் அலசிக் குடிக்க வேண்டும்.

இதன் விலை சிறுநீரகமும் ஈரலும். தொடங்குமுன் கிரியற்றினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்தச் சோதனை) இரு தடவை, முதல் மாதம் கிழமைதோறும், பிறகு மாதாமாதம். கூடவே ஈரல் சோதனையும் சிறுநீரில் புரதமும். வாந்தி, வயிற்றோட்டம் வந்து தண்ணீர்ச்சத்துக் குறைந்தால் குளிசையை நிறுத்தி வைத்தியரிடம் பேசுங்கள். டெங்குக் காலத்தில் இன்னும் கவனம்: பிளேற்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) விழும்போது இந்தக் குளிசை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். நோவுக்கு டைக்குளோபினாக் கொடுப்பது அதைவிட மோசம்.

டெபெரிப்ரோன் என்ற இன்னொரு வாய்வழி மருந்து மூன்றாவது தெரிவு. இதயத்தில் சேர்ந்த இரும்புக்கு நல்லது. சிலருக்கு ஊசியோடு சேர்த்தும் கொடுப்பார்கள். ஆனால் நூற்றில் ஒருவருக்கு வெள்ளணுக்கள் திடீரென விழலாம், அதனால் கிழமைதோறும் எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்த உடனே நிறுத்த வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு அது முடியும். வெருகல், புல்மோட்டைப் பக்கம் இருந்து கிழமைக்கொரு தடவை பஸ் ஏற முடியாதென்றால், எனக்கு அது நல்ல தெரிவாகப் படவில்லை.

2,400 என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ச்சல், தொற்று, ஈரல் வீக்கம் எதுவும் பெரிற்றினை ஏற்றிவிடும். டெங்குவில் அது எகிறும். நலமாக இருக்கும்போது எடுத்த 3, 4 அளவுகளின் போக்கைப் பாருங்கள். இதயத்துக்கு டீ-2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. (இதயத்து இரும்பை அளக்கும் ஸ்கேன்) தான் சரி: 20 மில்லிசெக்கனுக்குக் கீழே இரும்பு இருக்கிறது, 10க்குக் கீழே ஆபத்து. பெரிற்றின் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு இருக்கக்கூடும்.

உண்மையில் மேஜர்தானா, ஹீமோகுளோபின் ஈ (பரம்பரையாக வரும் மாறுபட்ட ஹீமோகுளோபின்) கலந்த வகையா என்று எச்.பி.எல்.சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) அறிக்கையையும் பாருங்கள். ஈ கலந்தவர்களில் சிலருக்கு மாதாமாத இரத்தமே தேவைப்படாமல் இருக்கலாம். இலங்கையில் அந்த வகை குறைவில்லை. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியே ஒரே வீதிதான். அங்கே ஒரு கருத்துக் கேட்க இங்குள்ள வைத்தியரிடமே கடிதம் வாங்கலாம். கூடப் பிறந்தவர் இருந்தால் மச்சை மாற்றுக்கான எச்.எல்.ஏ (திசு வகை) பொருத்தமும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சை மாற்று (எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை) ஈரல் கெடுமுன் செய்தால்தான் பலன் அதிகம்.

கிளினிக்குக்குப் போகும்போது கடைசி நான்கு பெரிற்றின், கிரியற்றினின், நிறை, இரத்தம் ஏறிய திகதிகள், பம்ப் ஓடிய இரவுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பம்ப் ஓடாத இரவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள்.