மறைவுக்கா, மகனுக்கா?

கேள்வி: உடன் பணிபுரிபவரின் தந்தை காலமானதையொட்டி, அலுவலகத்தின் சார்பில் ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் கடிதம் தயாரித்தேன். 'வி கண்டோல் த டெத்' என்று நான் எழுதியிருந்ததை மேலாளர் அடித்துவிட்டு, 'கண்டோல்' என்றால் அடுத்து 'வித்' வர வேண்டும் என்றார். செய்தித்தாள்களில் நான் எழுதியபடிதானே வருகிறது? இச்சொல்லின் மூலம் என்ன?
— வாசகி ஒருவர், பெரம்பூர், சென்னை

பதில்: இன்றைய பொது வழக்கின்படி மேலாளர் சொன்னதே சரி. அதற்கான காரணமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கண்டோலன்ஸ்' பிற்கால லத்தீனின் 'கோன்டொலேரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதில் 'கோன்' என்பது 'உடன்' என்று பொருள்படும் முன்னொட்டு. 'டொலேரே' என்றால் நோதல், வலித்தல். ஆக, ஒருவர் நோகும்போது அவரோடு சேர்ந்து தானும் நோவதே 'கண்டோல்'. இறந்தவருக்கு இனி நோவில்லை; நோகிறவர் அவருடைய மகன். அந்த மகனைச் சுட்டத்தான் 'வித்' வருகிறது.

இந்த வேர் நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அன்று. அழற்சியின் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் குறித்து வைத்தார்; 'ரூபர், டூமர், கலோர், டோலோர்' என்று நம் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் அந்த வரிசையில் கடைசியாக நிற்கும் 'டோலோர்' இதே வலிதான். கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கும் 'டோலரஸ்' என்ற பெயரும், அதற்கு ஈடான 'வியாகுல மேரி'யும் துயருற்ற அன்னையைக் குறிப்பவை. 'இன்டொலன்ட்' என்ற சொல்லுக்கும் முதற்பொருள் 'வலியற்ற' என்பதே. சோம்பேறி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதே போன்ற பொருளில் வழங்கும் 'சிம்பதி' கிரேக்க வழியில் வந்த சொல். 'உடன் உணர்தல்' என்ற கட்டமைப்பு மட்டும் அதற்கும் 'கண்டோலன்ஸ்'க்கும் பொது. நாம் பரிவு என்ற பொருளில் வழங்கும் 'அனுதாப'த்துக்கு வடமொழியில் கழிவிரக்கம், அதாவது செய்ததை எண்ணிப் பின்னர் வருந்துதல், என்று பொருள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இனி செய்தித்தாள் வழக்குக்கு வருவோம். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'வித்' இல்லாமலும் இவ்வினை வழங்கியதுண்டு. ஆதலால் நீங்கள் எழுதியதைப் பெரும்பிழை என்று சொல்லமாட்டேன். 'மறைவுக்கு இரங்கல்' என்றே எழுதிப் பழகிய நம் கைக்கு அந்த அமைப்பு எளிதாக வருவதில் வியப்பில்லை. ஆனால் எழுத்தில் மறைவுக்கு இரங்கும் நாமே, துக்கம் விசாரிக்கப் போனால், பந்தலில் உட்கார்ந்திருக்கும் மகனின் கைகளைத் தொட்டுவிட்டு, பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றும் பேசாமல் சற்றுநேரம் அமர்ந்திருக்கிறோம். லத்தீன் 'கோன்' சொல்வது இதைத்தான்.

உங்கள் கடிதத்தில் 'கண்டோல்' என்ற வினையே வேண்டாம், விறைப்பாக ஒலிக்கும். பன்மையில் 'கண்டோலன்சஸ்' என்று எழுதி, முதல் வரியிலேயே உங்கள் சக ஊழியரை அவர் பெயரிட்டு அழையுங்கள். தந்தையின் பெயர் அடுத்த வரியில் வரலாம்.