வண்ணங்களுக்கு வரப்பு கட்டியவர்கள்

கேள்வி: ஸ்பெயினின் பழைய கட்டடச் சுவர்களில் காணப்படும் அலங்கார டைல்களை ‘அசுலேஹோ’ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘அசுல்’ என்றால் நீலம் என்பதால் இப்பெயர் வந்ததா? அவற்றில் இத்தனை வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது எப்படி?

பதில்: ஒலி ஒற்றுமை பலரையும் ஏமாற்றியிருக்கிறது. அசுலேஹோ என்பது ‘அல்-ஸுலைஜ்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. நீலத்துக்கும் அதற்கும் உறவில்லை. தென் ஸ்பெயினை முஸ்லிம் அரசர்கள் ஆண்ட காலத்தில் இக்கலை அங்கு வேரூன்றியதற்கு அந்தப் பெயரே சாட்சி.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் இந்த டைல்களின் வரலாறே அடங்கியிருக்கிறது. சூளையில் மெருகுப் பூச்சு உருகும்போது அடுத்தடுத்துள்ள வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் 14-ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் இந்தச் சிக்கலுக்கு இடமே தரவில்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சுட்டு, விண்மீனாகவும் பட்டையாகவும் வெட்டியெடுத்து, இடைவெளி தெரியாமல் சுவரில் இழைத்தார்கள். அந்த நேர்த்தியைப் பின்னால் வந்த எந்த முறையும் எட்டவில்லை என்பது என் கருத்து. ஆனால், அது நாளும் உழைப்பும் ஏராளமாகக் கேட்ட வேலை.

அடுத்து வந்த முறை ‘குவெர்தா சேகா’, அதாவது ‘காய்ந்த கயிறு’. பெயரில்தான் கயிறு, உண்மையில் மாங்கனீசு கலந்த கொழுப்பினால் ஒரே டைலின்மேல் கோடு வரைந்து, இடையிடையே வண்ணம் நிரப்பினார்கள். நீரில் கரைத்த பூச்சு கொழுப்பைத் தாண்டாது. சூளையில் கொழுப்பு எரிந்துபோய்க் கருங்கோடு மட்டும் எஞ்சும். பிறகு செவில் நகரத்துக் குயவர்கள், ஈரக் களிமண்ணில் அச்சை அழுத்தி, வயலுக்கு வரப்பு எழுப்புவதுபோல வண்ணங்களுக்கிடையே மெல்லிய மேடு எழுப்பினார்கள். ‘அரிஸ்டா’ எனப்படும் இம்முறையால் வேலை விரைந்தது; செலவும் குறைந்தது. அந்நகரின் ‘காசா தெ பிலாத்தோஸ்’ மாளிகைச் சுவர்களை 1530-களில் நிறைத்தவை இத்தகைய டைல்களே.

தடுப்பே தேவையில்லாத வழியைச் செவிலுக்குக் கொண்டுவந்தவர், இத்தாலியிலிருந்து அங்கே குடியேறிய பிரான்சிஸ்கோ நிக்குலோசோ பிசானோ. வெள்ளீயம் கலந்த வெண்பூச்சின்மேல் தூரிகையால் தீட்டினால், சூளையில் வண்ணம் அந்தப் பூச்சிலேயே பதிந்துவிடும். அல்காசர் அரண்மனையில் அவர் 1504-இல் அமைத்த பீடம், பல டைல்கள் சேர்ந்த ஒரே ஓவியமாக இன்றும் இருக்கிறது.

பழைய டைல் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணங்களுக்கிடையே மேடு தெரிந்தால் அரிஸ்டா. மெருகில்லாத கருங்கோடு தெரிந்தால் குவெர்தா சேகா. இரண்டுமின்றித் தூரிகைத் தடம் தெரிந்தால் அது பிசானோ காட்டிய வழி.