மறு: செவெரஸ் வளைவில் இளைய மகன் பெயர் எங்கே?

வணக்கம். ரோமில் நிற்கும், ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் நினைவு வளைவின் படத்தைப் போட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள்: அதன் லத்தீன் கல்வெட்டில் பெயர்கள் ஏன் 'செவெரோ', 'அந்தோனினோ' என்று முடிகின்றன? இளைய மகன் கேட்டாவின் பெயர் ஏன் இல்லை?

முதலாவது நம் நான்காம் வேற்றுமையேதான். செவெரோ என்றால் 'செவெரஸுக்கு'. 'அர்ப்பணித்தோம்' என்று வினை போடவே தேவையில்லை, உருபே சொல்லிவிடும். கடைசியில் வரும் எஸ்.பி.க்யூ.ஆர். தான் எழுவாய்: செனட்டும் ரோம மக்களும்.

கேட்டா விஷயம் மனதைப் பிசைவது. கி.பி. 203இல் வளைவு எழுந்தபோது அவன் பெயர் நான்காம் வரியில் இருந்தது. 211 டிசம்பரில் அண்ணன் கரகல்லா (கல்வெட்டில் அந்தோனினோ என்று வருபவன் இவன்தான்) அவனைக் கொன்றுவிட்டு, பெயரையும் பொது இடங்களிலிருந்து அழிக்க வைத்தான். அந்த இடத்தில் 'ஆப்டிமிஸ் ஃபோர்டிஸிமிஸ்க்வே பிரின்கிபிபுஸ்', அதாவது 'மிகச் சிறந்த, மிக வீரமிக்க வேந்தர்களுக்கு' என்ற பொதுப்புகழ் ஏறியது. உங்கள் படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை மட்டும் பாருங்கள். வெண்கல எழுத்துகளைப் பொருத்திய பழைய துளைகள் புதிய எழுத்துகளோடு ஒத்துப்போகாது. அந்தத் துளைகளை வைத்துத்தான் கேட்டாவின் பெயரை அறிஞர்கள் மீட்டுப் படித்தார்கள்.

முடிந்தால் பக்கத்திலேயே உள்ள 204ஆம் ஆண்டு அர்ஜென்டாரி வளைவையும் (பணமாற்று வணிகர்கள் இதே குடும்பத்துக்கு எழுப்பியது) பாருங்கள். அங்கே சிற்பத்திலிருந்தே கேட்டாவின் உருவத்தைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அம்மா ஜூலியா டோம்னாவுக்குப் பக்கத்தில் வெறும் கல்.