மூட்டை யூரியாவை வண்டிக்கு ஊற்றலாமா?

கேள்வி: என் புது டிராக்டரில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் யூரியாத் திரவத்துக்கென்று தனித் தொட்டி இருக்கிறது. பிளைவுட் ஒட்டும் பசையும் யூரியாவில்தான் செய்கிறார்களாம். எல்லாம் ஒரே யூரியா என்றால், உர மூட்டையைக் கரைத்தே ஊற்றலாமா? மிச்சமான வண்டித் திரவத்தைப் பயிருக்குத் தெளிக்கலாமா?

பதில்: மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். பொருள் ஒன்றுதான், சுத்தம்தான் வேறு. வண்டித் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். உர யூரியாவில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்த்த பூச்சு இருக்கும், யூரியா தயாரிக்கும்போது உண்டாகி இலையைக் கருக்கும் பையூரெட் என்ற துணைப்பொருளும் கூடுதலாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்துகொள்ளும். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்ய உள்ள வினையூக்கி இவற்றால் அடைத்துக் கெட்டுப்போகும்.

அந்தத் திரவம் அங்கே செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் வயலுக்கும் உதவும். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா வருகிறது. அது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. வயலிலும் யூரியா அம்மோனியாவாகத்தான் உடைகிறது. சூடு தேவையில்லை, மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதியே போதும். வண்டிக்கு வேண்டிய அதே அம்மோனியா, மேல்மண்ணில் உண்டானால் காற்றோடு போய்விடுகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஈர மண்மேல் தூவி அப்படியே விட்டு, மறுநாள் வெயிலில் மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி வந்தால் உங்கள் தழைச்சத்துதான் பறக்கிறது. களர் மண்ணில் இழப்பு இன்னும் அதிகம். தூவியதும் மண்ணோடு கிளறிவிடுங்கள், இல்லையென்றால் நீர் பாய்ச்சி உள்ளே இறக்கிவிடுங்கள்.

பசை விஷயம் உண்மைதான். யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்தால் கெட்டியாகும் பிசின் கிடைக்கும். பிளைவுட், துகள் பலகை எல்லாம் அதில் ஒட்டுபவைதான். யூரியாவின் விகிதத்தைக் கூட்டிச் செய்தால் அதுவே மெதுவாகக் கரையும் உரமாகிவிடும். பாத்திரம் செய்கிற மெலமைனுக்கும் மூலப்பொருள் யூரியாதான். 1828-இல் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டும் வரை, சிறுநீரில் இருப்பதாக மட்டும் அறிந்திருந்த பொருள் இது!

சரி, மிச்சத் திரவத்துக்கு வருவோம். பிரிக்காத கேனில் இருப்பது என்றால் தெளிக்கலாம், பையூரெட் குறைவு என்பதால் இலைக்கு நல்லதும்கூட. ஒரு லிட்டரில் சுமார் 350 கிராம் யூரியா இருக்கும், ஆகவே 35 லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒரு சதவீதக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வண்டித் தொட்டியிலிருந்து வடித்தது வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம்.

இன்னொன்று, இதை அவசியம் கவனியுங்கள். யூரியா கரைத்த வாளியைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் அப்படி. தாகத்தில் வரும் மாடு அதைத் தண்ணீர் என்று நினைத்து வாய் வைத்துவிடும். வயிறு உப்பி, உடல் நடுங்கி, நுரை தள்ளினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தெளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு அப்புறம் மாட்டை அவிழ்த்து விடுங்கள்.