ஐயா காலத்து மாரிஸில் ரேடியோவும் ஹீட்டரும்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஐயா ஓட்டிய 1954 மாரிஸ் மைனர், சீரிஸ் 2, இன்றும் ஓடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வால்வு கார் ரேடியோவும் ஹீட்டர் பெட்டியும் வாங்கியிருக்கிறார். ரேடியோவுக்காக வண்டியின் எர்த்தை மாற்ற வேண்டும் என்கிறாராம் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

வேண்டாம். உங்கள் வண்டி 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேரும். ரேடியோதான் வண்டிக்கு ஒத்துப்போக வேண்டும். செட்டுக்குள் வைப்ரேட்டர் என்றொரு உலோகக் குப்பி இருக்கும். அதிலுள்ள நாக்கு நொடிக்கு நூறு தடவை போல அதிர்ந்து மின்சாரத்தை வெட்டி வெட்டி விட, டிரான்ஸ்பார்மர் அதை 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். அந்த மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் ரெக்டிபையர் வால்வு தனியாக இருந்தால் பெரும்பாலும் எந்த எர்த்திலும் பாடும். வைப்ரேட்டரே அந்த வேலையையும் பார்க்கிற செட்டில் முனை மாறினால் கண்டென்சர்கள் போய்விடும். சில செட்டுகளில் முனையை மாற்றிச் செருக வசதி உண்டு. வால்வு ரேடியோ தெரிந்த ஒருவரிடம் திறந்து காட்டாமல் பேட்டரியில் கொடுத்துவிடாதீர்கள். மெழுகுக் கண்டென்சர்களை, முக்கியமாக வைப்ரேட்டரை ஒட்டிய பஃபர் கண்டென்சரை, முதலில் மாற்றச் சொல்லுங்கள். அது கசிந்தால் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகும்; அப்புறம் அதற்கு மாற்று தேடி அலைய வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் செட்டை ஓட்டவே கூடாது.

அடுத்தது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ. இந்த வண்டியின் டைனமோ 20 ஆம்பியரைத் தொடாது, ஐட்லிங்கில் சார்ஜே ஏறாது. ஹெட்லைட்டுக்கு 7, ரேடியோவுக்கு 5, ஹீட்டர் விசிறிக்கு 3, இக்னிஷன் காயிலுக்கும் மற்ற விளக்குகளுக்கும் மிச்சம் என்று கூட்டினால் இரவில் கை இறுக்கம்தான். கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டால் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். பியூஸ் பெட்டியில் ஏ4 என்று குறித்த முனையிலிருந்து, தனி பியூஸ் வைத்து லைன் எடுங்கள்.

ரேடியோவில் வரும் இரைச்சலுக்கு 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு போதும். ஒன்று டைனமோவின் பெரிய முனையில், இன்னொன்று காயிலில் சாவிப் பக்க முனையில். டைனமோவின் சின்ன முனையில் வைக்கவே கூடாது.

டேஷ்போர்டை வெட்டவே வேண்டாம். இருக்கிற திருகு ஓட்டைகளிலேயே தகட்டுக் கவ்வி பிடித்து ரேடியோவை அடியில் தொங்கவிடலாம். நாளை உங்கள் பிள்ளை கழற்ற நினைத்தால் சுவடில்லாமல் கழற்ற முடிய வேண்டும்.

ஹீட்டர் நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லைதான். கொடைக்கானல் போகும்போது கண்ணாடிப் பனியைப் போக்க உதவும், வண்டியின் காலத்துக்கும் பொருந்தும், ஆகவே மாட்டுங்கள். வெந்நீர் சிலிண்டர் ஹெட்டின் பின்புறக் குழாயிலிருந்து வந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்குத் திரும்பும். ஹெட்டில் திருகு குழாய் கட்டாயம் இருக்கட்டும். கீழே இறங்கியதும் அதை மூடிவிடலாம். பெட்டியை வெளியே வைத்துத் தண்ணீர் விட்டு ஒழுக்குப் பாருங்கள், காலில் வெந்நீர் கொட்டினால் விபரீதம். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். உங்கள் வளவு முற்றத்தில் பிடிக்கிற மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள், போர் தண்ணீரைவிட அது இந்த வண்டிக்கு நல்லது.

சரி, ரேடியோவுக்குச் செலவு செய்யுமுன் ஒரு வேலை. அந்தச் செட்டில் எஃப்எம் வராது. சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்றை வாசல் திண்ணையில் வைத்து, உங்கள் ஊரில் மத்திய அலையில் (மீடியம் வேவ்) என்ன கிடைக்கிறது என்று ஒரு சாயங்காலம் கேட்டுப் பாருங்கள்.